ஆன்லைன் கடையில் விற்பனை கூட: பேமென்ட்டிலிருந்து பின்னோக்கிச் செய்த பழுதுபார்ப்பு

விற்பனை மந்தம் என்றதும் முதலில் கை போவது விளம்பரத்துக்குத்தான். வந்தவர்களிலேயே எத்தனை பேர் வாங்க முடியாமல் திரும்பினார்கள் என்று பார்க்காமல் இன்னும் ஆள் சேர்த்தால், திரும்பிப் போகிறவர்களும் அதே விகிதத்தில் கூடுவார்கள். அதனால் இந்த வேலையை வாசலில் தொடங்காமல் கல்லாவில் தொடங்குகிறோம்: பேமென்ட், அடுத்து செக்அவுட் (முகவரி நிரப்பி ஆர்டரை முடிக்கும் பக்கம்), டெலிவரிக் கட்டணம், பொருள் பக்கம், கடைசியாக விளம்பரம்.

கீழே உள்ள குறிப்புகள் வேர்ட்பிரஸ் என்ற வலைத்தள மென்பொருள் மேல், அதைக் கடையாக்கும் வூகாமர்ஸ் பிளகின் (கூடுதல் மென்பொருள்) வைத்து நடத்தும் சின்னக் கடையை மனதில் வைத்தவை. ஷாப்பிஃபை போல சர்வரையும் தானே பார்த்துக்கொள்ளும் தளம் என்றால் கேஷ் (பக்கத்தின் நகலைச் சேமித்து வைத்துக் காட்டுவது), சர்வர் சமாச்சாரங்களை விட்டுவிடலாம். வரிசை மாறாது.

முதலில் அளவு

மொத்தப் பார்வையாளர் எண்ணிக்கையை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. நான்கு எண்கள் வேண்டும்: பொருள் பக்கம் பார்த்தவர், கார்ட்டில் போட்டவர், செக்அவுட் தொடங்கியவர், பணம் கட்டியவர். வருகையை அளக்கும் கூகுள் அனலிட்டிக்ஸ் 4-ல் (ஜிஏ4) இந்த நான்குக்கும் தனித்தனி ஈவென்ட், அதாவது செயல் பதிவு, இருக்கிறது. காலண்டர் மாதம் வேண்டாம், 28 நாள் எடுங்கள். நான்கு முழு வாரம் என்பதால் ஒவ்வொரு கிழமையும் சமமாக வரும். முந்தைய 28 நாளோடு ஒப்பிடும்போது வாரக்கடைசி ஒன்று கூடிப்போய்க் கணக்கைக் கெடுக்காது.

ஒரு மாதிரிக் கணக்கு: பொருள் பக்கம் பார்த்தவர் 3000, கார்ட் 180, செக்அவுட் 110, ஆர்டர் 38. முதல் படியில் 6 சதவீதம், இரண்டாவதில் 61, மூன்றாவதில் 35. செக்அவுட் வரை வந்து முகவரி அடிக்க உட்கார்ந்தவர்களில் மூன்றில் இரண்டு பேர் போய்விட்டார்கள். அந்த 35-ஐ 55 ஆக்கினால் ஆர்டர் 60. இதே 60-ஐ விளம்பரத்தால் எட்ட வேண்டுமென்றால் 3000 பேருக்குப் பதில் 4700 பேரைக் கொண்டுவர வேண்டும், அதுவும் மாதாமாதம் காசு கொடுத்து.

இந்த எண்களை நம்புவதற்கு முன் மூன்று சரிபார்ப்பு. ஒன்று, உங்கள் சொந்த வருகை. அதைக் கழிக்க ஜிஏ4-ல் இன்டர்னல் டிராஃபிக் ஃபில்டரை உருவாக்கினால் மட்டும் போதாது. அது முதலில் டெஸ்டிங் நிலையில்தான் இருக்கும், ஆக்டிவ் என்று மாற்றும்வரை எதையும் வடிகட்டாது. இரண்டு, பேமென்ட் கேட்வேயின் (வாடிக்கையாளரிடம் பணம் வாங்கித் தரும் சேவை) டொமைனை வேண்டாத ரெஃபரல் பட்டியலில் சேர்க்க வேண்டும். இல்லையென்றால் பணம் கட்டிவிட்டுத் திரும்பும் வாடிக்கையாளர் கேட்வேயிலிருந்து புதிதாக வந்தவர் போலப் பதிவாகி, எந்த விளம்பரம் விற்றது என்பதே தெரியாமல் போகும். மூன்று, ஆர்டர் முடிந்ததும் வரும் நன்றிப் பக்கத்தை ஒருவர் ரீஃப்ரெஷ் செய்தால் அதே ஆர்டர் இரண்டாக எண்ணப்படக்கூடாது. பர்ச்சேஸ் ஈவென்ட்டோடு ஆர்டர் எண்ணை டிரான்ஸாக்ஷன் ஐடியாக அனுப்பினால் ஜிஏ4 இரட்டிப்பைத் தானே கழித்துவிடும்.

அப்படியும் கடையின் ஆர்டர் பட்டியலும் ஜிஏ4-ம் ஒன்றுபோல் இருக்காது. விளம்பரத் தடுப்பான் வைத்திருப்பவர்களும் குக்கிக்குச் சம்மதிக்காதவர்களும் அதில் வரமாட்டார்கள். பணக் கணக்குக்குக் கடையின் பட்டியல், படிக்குப் படி விகிதத்துக்கு ஜிஏ4 என்று பிரித்துக்கொள்வது நல்லது.

பணம் போனது, ஆர்டர் வரவில்லை

அதிக இழப்பு, அதே சமயம் கடைக்காரர் கண்ணில் படாத பழுது இதுதான். வூகாமர்ஸ் ஆர்டர் பட்டியலில் 'பெண்டிங் பேமென்ட்', 'கேன்சல்டு' இரண்டையும் வடிகட்டி எடுங்கள். கேட்வேயின் டேஷ்போர்டில் அதே தேதிகளுக்கு வெற்றியான பரிவர்த்தனைகளைப் பக்கத்தில் வையுங்கள். அங்கே வெற்றி, இங்கே கேன்சல்டு என்று ஒரு ஆர்டர் இருந்தால்கூட மற்ற எல்லா வேலையையும் நிறுத்திவிட்டு இதைப் பார்க்க வேண்டும்.

நடப்பது இப்படி. வாடிக்கையாளர் போனில் பணம் கட்ட வங்கி ஆப்புக்கோ ஓடிபி பார்க்கவோ போகிறார். மெமரி குறைந்த போன் பின்னணியிலிருந்த பிரவுசர் டேபை மூடிவிடுகிறது. பணம் கழிந்துவிட்டது, ஆனால் நன்றிப் பக்கம் லோடாகவே இல்லை. அந்தப் பக்கம் லோடாவதை நம்பித்தான் ஆர்டர் உறுதியாகிறது என்றால் அது பெண்டிங்கிலேயே நிற்கும். வூகாமர்ஸில் இருப்பு மேலாண்மை இயங்கினால், 'ஹோல்ட் ஸ்டாக்' என்ற அமைப்பு வழக்கமாக 60 நிமிடம். அதற்குள் பணம் வந்ததாகத் தெரியாத ஆர்டரைத் தானே ரத்து செய்துவிடும். பணம் கட்டியவரின் ஆர்டரே ரத்தாகிவிடும்! அவர் மறுபடி வருவார் என்று எதிர்பார்க்க முடியாது.

இதற்கு மருந்து வெப்ஹூக். வாடிக்கையாளரின் பிரவுசரை நம்பாமல், கேட்வேயின் சர்வர் நேராக உங்கள் சர்வரைக் கூப்பிட்டுப் பணம் வந்த செய்தியைச் சொல்லும். பெரும்பாலான கடைகளில் இதை அமைத்திருப்பார்கள். பிறகு எப்போதோ உடைந்திருக்கும். கேட்வே டேஷ்போர்டில் வெப்ஹூக் லாக் இருக்கும், அதில் ஒவ்வொரு அழைப்புக்கும் உங்கள் சர்வர் சொன்ன பதில் எண்ணைப் பாருங்கள்.

200 என்றால் செய்தி வந்து சேர்ந்துவிட்டது. 403 என்றால் செக்யூரிட்டி பிளகினோ ஃபயர்வாலோ வெளியிலிருந்து வரும் போஸ்ட் அழைப்பைத் தடுக்கிறது. அந்த ஒரு முகவரிக்கு மட்டும் விலக்கு கொடுக்க வேண்டும். மொத்தமாக ஃபயர்வாலை அணைப்பது தீர்வல்ல. 301 என்றால் டொமைன் மாறியிருக்கிறது, அல்லது எஸ் இல்லாத பழைய எச்டிடிபி முகவரியோ டபிள்யூடபிள்யூடபிள்யூ உள்ள முகவரியோ கேட்வேயில் பதிவாகி இருக்கிறது. பிரவுசரில் திறந்தால் ஒழுங்காகப் போவதால் இது தெரியாது. ஆனால் ஸ்ட்ரைப் போன்ற கேட்வே ரீடைரெக்டைத் தோல்வி என்றே எடுத்துக்கொள்ளும். முகவரிப் பட்டையில் கடைசியாக நிற்கும் சரியான முகவரியை அப்படியே பதிவு செய்ய வேண்டும். 500 என்றால் உங்கள் பக்கத்து கோடில் பிழை. பிஎச்பி எரர் லாகில் அதே நிமிடத்தைத் தேடினால் எந்த பிளகின் என்று தெரிந்துவிடும். 400 வந்து, கையொப்பம் பொருந்தவில்லை என்று இருந்தால் சோதனைக்கான டெஸ்ட் மோடு சீக்ரெட்டை (ரகசியக் குறியீடு) உண்மைப் பணம் ஓடும் லைவில் ஒட்டியிருக்கிறார்கள். இது அடிக்கடி நடக்கும்.

சரிசெய்த பிறகு சோதனை டெஸ்ட் மோடில் மட்டும் போதாது. மிகக் குறைந்த விலைக்கு மறைவான ஒரு பொருள் உருவாக்கி, லைவில், போனில், மொபைல் டேட்டாவில் வாங்குங்கள். பணம் கழிந்ததும் பிரவுசரை நீங்களே மூடிவிடுங்கள். ஆர்டர் ஒரு நிமிடத்துக்குள் 'பிராசஸிங்' ஆக வேண்டும். ஆகிவிட்டால் சரி. பிறகு பணத்தைத் திருப்பிவிட்டுப் பொருளை நீக்கிவிடலாம்.

செக்அவுட் படிவம், சின்னத் திரையில்

கம்ப்யூட்டரில் பிரவுசரைச் சுருக்கிப் பார்ப்பது சோதனை ஆகாது. கீபோர்டு திரையின் பாதியை மறைப்பது அதில் தெரியவே தெரியாது. கடையை முன்னே பின்னே பார்த்திராத நாலைந்து பேரிடம் போனைக் கொடுத்து, ஒன்றும் சொல்லாமல் வாங்கச் சொல்லுங்கள். எங்கே கட்டைவிரல் நிற்கிறது என்று மட்டும் பார்த்தால் போதும்.

அஞ்சல் குறியீட்டுக் கட்டத்தைத் தொட்டால் எழுத்துக் கீபோர்டு வருகிறதா? எண்கள் மட்டும் உள்ள குறியீடு என்றால் கட்டத்தின் எச்டிஎம்எல் கோடில் இன்புட்மோடை நியூமெரிக் என்று வைக்க வேண்டும். டைப்பை நம்பர் என்று வைத்தால் முன்னால் வரும் பூஜ்ஜியம் தொலையும் வாய்ப்பு உண்டு, அது வேண்டாம். ஐபோனில் கட்டத்தைத் தொட்டதும் பக்கம் பெரிதாகி ஒரு பக்கம் ஒதுங்குகிறதா? கட்டத்தின் எழுத்தளவு 16 பிக்சலுக்குக் கீழே இருக்கிறது என்று பொருள். 16 ஆக்கினால் நின்றுவிடும். பெயர், போன், முகவரிக் கட்டங்களில் ஆட்டோகம்ப்ளீட் பண்புகள் சரியாக இருந்தால் பிரவுசர் சேமித்து வைத்ததை ஒரே தட்டில் நிரப்பிவிடும். பல தீம்களில் அதை வேண்டுமென்றே அணைத்து வைத்திருக்கிறார்கள், ஏன் என்பது அவர்களுக்கே வெளிச்சம்.

அடுத்தது, வலது மூலையில் மிதக்கும் சாட் பொத்தான். திரையின் அடியில் ஒட்டிக்கொண்டு நிற்கும் 'பணம் செலுத்து' பொத்தானின் பாதியை அது மூடிக்கொள்ளும். தொட்டால் சாட் திறக்கும். செக்அவுட் பக்கத்தில் சாட், பாப்அப், குக்கிப் பட்டை எதுவும் பொத்தான் மேல் விழக்கூடாது; சாட்டை அங்கே அணைத்தே விடலாம்.

கணக்கு தொடங்கினால்தான் வாங்கலாம் என்ற கட்டாயத்தை எடுத்துவிடுங்கள். வூகாமர்ஸில் அக்கவுண்ட்ஸ் அண்ட் பிரைவசி பக்கத்தில் ஒரே ஒரு டிக். கணக்கு தொடங்கும் அழைப்பை நன்றிப் பக்கத்துக்குத் தள்ளலாம், அங்கே பாஸ்வேர்டு மட்டும் கேட்டால் போதும். கூப்பன் கட்டத்தைத் திறந்தே வைத்திருப்பதும் இழப்புதான்: காலியான கட்டத்தைப் பார்த்தவர் கூப்பன் தேடிக் கூகுளுக்குப் போவார், போனவர் எல்லாரும் திரும்புவதில்லை. 'கூப்பன் இருக்கிறதா?' என்ற சின்ன இணைப்புக்குப் பின்னால் மடித்து வையுங்கள்.

கார்ட் திடீரென்று காலியாகிறது, அல்லது போட்ட பொருள் வரவில்லை என்ற புகார் வந்தால் பெரும்பாலும் கேஷ்தான் காரணம். கார்ட், செக்அவுட், மை அக்கவுண்ட் மூன்று பக்கங்களையும் பேஜ் கேஷிலிருந்து விலக்க வேண்டும். பிளகினில் விலக்கிவிட்டு, சிடிஎன்னிலும் (பக்கத்தின் நகலைப் பல ஊர் சர்வர்களில் வைத்துத் தரும் சேவை) ஹோஸ்டிங் நிறுவனத்தின் சர்வர் கேஷிலும் விலக்க மறப்பது வழக்கம். மூன்று அடுக்கிலும் பாருங்கள்.

டெலிவரிக் கட்டணம்: இலவசம் என்று எழுதும் முன் ஒரு கணக்கு

கார்ட்டைக் கைவிடும் விகிதம் பற்றி, ஆன்லைன் கடைகளை ஆராயும் பேமார்டு இன்ஸ்டிடியூட் பல ஆய்வுகளைச் சேர்த்துப் போட்ட சராசரி சுமார் 70 சதவீதம். வெறுமனே பார்த்துப் போகிறவர்களைக் கழித்தால், அந்த நிறுவனம் கேட்டபோது வாடிக்கையாளர்கள் சொன்ன முதல் காரணம் கடைசியில் வந்து சேரும் கூடுதல் கட்டணங்கள். தொகையைவிட, அது எப்போது தெரிகிறது என்பது பெரிய விஷயம். அஞ்சல் குறியீடு அடித்த பிறகே கட்டணம் தெரியும் என்ற நிலையை மாற்றி, பொருள் பக்கத்தில் விலைக்கு நேர் கீழே ஒரு வரி போடுங்கள்: டெலிவரி இவ்வளவு, இத்தனைக்கு மேல் வாங்கினால் இலவசம், இந்தத் தேதிக்குள் வரும். 'ஐந்து வேலை நாட்கள்' என்பதைவிடத் தேதி வேலை செய்யும்.

இனி இலவச டெலிவரிக்கான வரம்பு. சராசரி ஆர்டர் மதிப்பைப் பார்த்து வரம்பு வைப்பது வழக்கம்; ஒன்றிரண்டு பெரிய ஆர்டர் வந்தாலே சராசரி ஏறிவிடும். கடைசி 100 ஆர்டரை மதிப்பு வாரியாக அடுக்கி நடுவில் இருப்பதை எடுங்கள். அது 800 என்று வைப்போம். பொருள் விலை, பேக்கிங், கேட்வே கமிஷன் போக மிஞ்சுவது 35 சதவீதம், டெலிவரிச் செலவு 90. இப்போது டெலிவரியை வாடிக்கையாளர் கட்டுகிறார், கடைக்கு மிஞ்சுவது 280.

வரம்பை 1000 என்று வைத்தால்? வாடிக்கையாளர் 200 கூட வாங்குகிறார், மிச்சம் 350, அதில் டெலிவரி 90 போக 260. விற்பனை கூடியது, மிச்சம் 20 குறைந்தது. 280-க்குக் கீழே இறங்காமல் இருக்க வரம்பு குறைந்தது 1058 வேண்டும். 1100 வைத்தால் 385-ல் 90 போக 295. பதினைந்து லாபம்.

அதோடு முடியவில்லை. இந்த 100-ல் 20 பேர் ஏற்கெனவே 1100-க்கு மேல் வாங்கி டெலிவரிக்கும் தாமே கட்டிக்கொண்டிருந்தவர்கள். இனி அவர்களுக்கும் இலவசம், இழப்பு 1800. ஒருவரை 800-லிருந்து 1100-க்கு ஏற்றினால் கிடைப்பது 15 என்பதால், அதை வைத்து 1800-ஐ ஈடுகட்ட 120 பேர் வேண்டும், இருப்பதோ மீதி 80 பேர்தான். ஆக, ஆர்டர் மதிப்பைக் கூட்டுவதற்காக இலவச டெலிவரி என்ற கணக்கு இங்கே நிற்கவில்லை. முன்பு வாங்காமல் போனவர்கள் புதிதாக வாங்கினால்தான் நிற்கும்: ஒருவருக்கு 295 வீதம், 100 ஆர்டருக்கு 7 புதிய ஆர்டர். வரம்பு வைத்த பிறகு கண் வைக்க வேண்டிய எண், செக்அவுட் தொடங்கியவர்களில் எத்தனை பேர் முடித்தார்கள் என்பது. சராசரி ஆர்டர் மதிப்பு ஏறியதைப் பார்த்து மகிழ்ந்துவிடக்கூடாது.

தள்ளுபடிக்கும் இதே கணக்கு. 35 மிஞ்சும் இடத்தில் 10 சதவீதம் தள்ளினால் மிஞ்சுவது 25. பழைய லாபம் நிற்கவே 40 சதவீதம் கூடுதல் ஆர்டர் வேண்டும்.

டெலிவரிச் செலவைக் குறைக்கப் பெட்டியைப் பாருங்கள். பல கூரியர்கள் எடையையும் கன அளவு எடையையும் ஒப்பிட்டு எது கூடுதலோ அதற்குக் கட்டணம் போடுகின்றன. நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுப்பது வழக்கமான கணக்கு. 40, 30, 20 பெட்டி என்றால் 4.8 கிலோ, உள்ளே ஒரு கிலோ துணிதான் இருந்தாலும். அதையே 12 உயரப் பெட்டியில் அழுத்திக் கட்டினால் 2.88. வகுக்கும் எண் கூரியருக்குக் கூரியர் மாறும், ஒப்பந்தத்தில் இருப்பதைப் போட்டுக்கொள்ளுங்கள்.

பொருள் பக்கம்

வேகத்துக்குக் கூகுள் வைத்திருக்கும் எல்லைகள் மூன்று: முக்கியப் படம் தெரிய 2.5 விநாடி, தொட்டால் பதிலுக்கு 200 மில்லிவிநாடி, லேஅவுட் ஆட்டம் (லோடாகும்போது பக்கத்தில் உள்ளவை நகர்வதற்கான மதிப்பெண்) 0.1. உண்மைப் பயனர்களில் 75 சதவீதம் பேருக்கு இதற்குள் இருக்க வேண்டும். பொருள் பக்கத்தில் முதல் எல்லையை மீறுவது பெரும்பாலும் முதல் படம். கேமராவிலிருந்து வந்த 4000 பிக்சல் படத்தை அப்படியே ஏற்றியிருப்பார்கள். 1200 பிக்சல் அகல வெப்பி (கோப்பின் அளவைக் குறைக்கும் பட வகை) படம் போன் திரைக்குப் போதும். பெரிதாக்கிப் பார்க்க வேறொரு பெரிய கோப்பு இருக்கட்டும். முதல் படத்துக்கு லேசி லோடிங் (திரையருகே வரும்போது மட்டும் படத்தை இறக்குவது) போடவே கூடாது, கீழே உள்ளவற்றுக்கு மட்டும். படத்துக்கு அகலம், உயரம் குறிப்பிடாவிட்டால் அது வந்ததும் கீழே உள்ள பொத்தான் நழுவும், விரல் வேறெங்கோ படும்.

வேகத்தைவிட இங்கே ஆர்டரைத் தின்பது வேறு. பக்கம் திறந்ததும் தீர்ந்துபோன அளவோ நிறமோ தானாகத் தேர்வாகி, 'இருப்பு இல்லை' என்று முதல் பார்வையிலேயே தெரிவது. இருப்பில் உள்ளதே முதலில் தேர்வாகி நிற்கும்படி வையுங்கள். படங்களில் ஒன்றாவது பொருளைக் கையிலோ உடலிலோ வைத்து எடுத்ததாக இருக்கட்டும், அளவு புரியும். வந்த கேள்விகளுக்கு மெயிலில் பதில் சொல்வதோடு நிற்காமல், இரண்டு பேர் ஒரே கேள்வி கேட்டால் பதிலை விவரணைக்குள் சேர்த்துவிடுங்கள்.

கடைக்குள் தேடலில் 'ஒன்றும் இல்லை' என்று வந்த சொற்களை வாரம் ஒருமுறை எடுங்கள். எழுத்துப்பிழை, வேறு பெயர், ஒருமை பன்மை என்று பாதி தீரும். மீதி, நீங்கள் வாங்கி விற்க வேண்டிய பொருள்களின் பட்டியல்.

விட்டுப்போன கார்ட்டுக்கு மெயில்

மெயில் அனுப்பும் முன் அது போய்ச் சேருமா என்று பாருங்கள். மெயில் உண்மையில் உங்களுடையதுதான் என்று காட்டும் எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் ரெக்கார்டுகள் மூன்றும் டொமைனில் வேண்டும். கூகுளும் யாஹூவும் 2024 பிப்ரவரியிலிருந்து மொத்தமாக அனுப்புவோரிடம் இவற்றைக் கட்டாயமாகக் கேட்கின்றன. ஸ்பேம் புகார் விகிதம் 0.3 சதவீதத்தைத் தொடக்கூடாது. சின்னக் கடைகளில் காணும் பிழை எஸ்பிஎஃப்-ஐ இரண்டு ரெக்கார்டாகப் போடுவது. புது மெயில் சேவை தந்த வரியைப் பழையதன் பக்கத்தில் தனியாகச் சேர்த்தால் இரண்டுமே செல்லாது; ஒரே ரெக்கார்டுக்குள் இரண்டு இன்க்ளூட் வர வேண்டும்.

முதல் மெயில் ஒரு மணி நேரத்தில், இரண்டாவது மறுநாள். முதல் மெயிலில் தள்ளுபடி வேண்டாம். பழகிவிட்டால் கார்ட்டை வேண்டுமென்றே விட்டுவிட்டுக் காத்திருப்பார்கள். பொருளின் படம், டெலிவரித் தேதி, கார்ட்டை அப்படியே திறக்கும் இணைப்பு போதும். ஆர்டர் ஆனதும் இந்த மெயில் வரிசை நிற்க வேண்டும். மேலே சொன்ன வெப்ஹூக் பழுது இருந்தால் இது நிற்காது. பணம் கட்டியவருக்கே 'மறந்துவிட்டீர்களா' என்று போகும். திறந்தவர் விகிதத்தை வைத்து மெயிலை மதிப்பிட வேண்டாம். 2021-ல் ஆப்பிள் மெயிலில் வந்த தனியுரிமைப் பாதுகாப்பு படங்களை முன்கூட்டியே இறக்கிவிடுவதால் அது ஊதிக் காட்டும். கிளிக், ஆர்டர் இரண்டையும் பாருங்கள்.

ஏ/பி சோதனை, பிறகு விளம்பரம்

பொத்தானின் நிறத்தை மாற்றி ஏ/பி சோதனை (பாதிப் பேருக்கு ஒரு வடிவம், மீதிப் பேருக்கு இன்னொன்று காட்டி ஒப்பிடுவது) செய்யச் சொல்லும் அறிவுரை சின்னக் கடைக்குப் பொருந்தாது. 2 சதவீதம் வாங்கும் கடையில் அது 2.4 ஆனதா என்று நம்பிக்கையோடு சொல்ல, ஒரு வடிவத்துக்கு ஏறக்குறைய 19,600 பேர், இரண்டுக்கும் 39,200 பேர் வேண்டும். 28 நாளில் 3000 பேர் வரும் கடைக்கு அது ஒரு வருடம். அதற்குப் பதில் தெளிவான பழுதுகளைச் சோதனை இல்லாமலே சரிசெய்து, ஒரு நேரத்தில் ஒரு படியை மட்டும் தொட்டு, 28 நாளுக்கு 28 நாள் அந்தப் படியின் விகிதத்தை ஒப்பிடுங்கள். மாற்றிய தேதியைத் தாளில் குறித்து வையுங்கள்.

கூகுள் மெர்ச்சன்ட் சென்டரில் பொருள் பட்டியல் ஏற்றினால் காசில்லாமலும் ஷாப்பிங் பகுதியில் வர வாய்ப்புண்டு. அங்கே பொருள் நிராகரிக்கப்பட அடிக்கடி காரணமாவது விலை பொருந்தாமை: பட்டியலில் பழைய விலை, பக்கத்தில் புது விலை. விலை மாற்றும் நாளில் பட்டியல் உடனே புதுப்பிக்கும்படி வைத்தால் தீரும்.

காசு கொடுத்து வாங்கும் கிளிக்குக்கு உச்சவரம்பு போட ஒரு பெருக்கல் போதும்: ஒரு ஆர்டரில் மிஞ்சுவது, வாங்கும் விகிதம். பழுதுபார்க்கும் முன் 3000-க்கு 38, அதாவது 1.27 சதவீதம், 280-ஐ அதால் பெருக்கினால் 3.55. செக்அவுட்டைச் சரிசெய்து 60 ஆன பிறகு 2 சதவீதம், 5.60. ஒரு கிளிக் 4.50-க்குக் கிடைக்கும் சந்தையில், அதே விளம்பரம் முதல் நிலையில் ஒவ்வொரு கிளிக்குக்கும் ஏறக்குறைய 1 நஷ்டம், இரண்டாவதில் 1.10 லாபம். இதைப் போனுக்கும் கம்ப்யூட்டருக்கும் தனித்தனியாகப் போடுங்கள். இரண்டின் வாங்கும் விகிதமும் ஒன்றாக இருக்காது, ஆனால் பிரிக்காமல் விட்டால் ஒரே விலையில்தான் இரண்டுக்கும் விளம்பர ஏலம் கேட்டுக்கொண்டிருப்பீர்கள்.